530,313,920,136 என்னும் எண்ணைப் பிரித்துப் பார்த்தல்: பகாக் காரணிகளும் பண்புகளும்

ஒரு பெரிய எண்ணுக்கு எத்தனை வகுத்திகள் உள்ளன, அது முழு வர்க்கமா, அதனுடன் 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாத சிறிய எண்கள் எத்தனை, அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா என்பவை ஒன்றோடொன்று தொடர்பற்ற கேள்விகளைப் போலத் தோன்றும். உண்மையில் இவை அனைத்துக்குமான விடை அந்த எண்ணின் பகாக் காரணிகளில் இருக்கிறது. காரணிகள் கைக்கு வந்துவிட்டால் மற்றவை சில நிமிடப் பெருக்கல்கள்தாம். ஆகவே இவ்வழிகாட்டியில் பாதிக்கு மேற்பட்ட இடம் காரணிகளைக் கண்டுபிடிப்பதற்கே செல்கிறது. பண்புகள் பிறகு வரும்.

எடுத்துக்காட்டாக 530,313,920,136 என்னும் பன்னிரண்டு இலக்க எண்ணைத் தொடக்கம் முதல் இறுதி வரை பின்பற்றுவோம். கணினிக்கு இது மிகச் சிறிய எண். ஆனால் கையால் செய்பவருக்கு இது போதிய அளவு பெரியது, அதோடு நூறு இலக்க எண்ணில் எழும் சிக்கல்கள் பலவற்றின் சிறு வடிவம் இதிலும் உண்டு.

தொடங்கும் முன்

எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒரு சோதனைக்கு இந்தப் பிரிப்பே அடிப்படை. கணிப்பானையோ விரிதாள் மென்பொருளையோ பயன்படுத்துவதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை தேவை: விரிதாள்கள் பொதுவாகப் பதினைந்து இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்துக்கொண்டு, அதற்குப் பின் வரும் இலக்கங்களைப் பூச்சியமாக்கிவிடும், வழக்கமான மிதவைப் புள்ளிக் கணக்கீட்டில் 2⁵³, அதாவது 9,007,199,254,740,992-ஐத் தாண்டினால் எல்லா முழு எண்களையும் துல்லியமாகக் குறிக்க இயலாது. பதினெட்டு இலக்க எண்ணை விரிதாளில் ஒட்டிவிட்டு அது ஆயிரத்தால் வகுபடுகிறது என்று மகிழ்பவர்கள் உண்டு. அங்கே வகுபடுவது அவர்கள் கொடுத்த எண் அன்று. பைத்தான் மொழியின் முழு எண்களுக்கும், எண்கோட்பாட்டுக்கென்றே உருவாக்கப்பட்ட பாரி/ஜிபி போன்ற மென்பொருள்களுக்கும் இந்தக் குறை இல்லை.

அடுத்து, எண்ணுக்கு ஏதேனும் சிறப்பு வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு ஒன்பதுகளால் ஆன 999,999,999,999 என்ற எண் வந்தால் வகுத்தலில் இறங்குவது வீண் வேலை. அது 10¹² − 1 என்பதால், வர்க்கங்களின் வித்தியாசமாக (10⁶ − 1)(10⁶ + 1) என்று உடனே பிரிகிறது. முன்னது 3³ × 7 × 11 × 13 × 37, பின்னது 101 × 9901. வடிவம் காரணிகளை நேரடியாகத் தராவிட்டாலும் தேடும் இடத்தைக் குறுக்கித் தரும். 2³² + 1 = 4,294,967,297 என்பது பகா எண் என்றே ஃபெர்மா எண்ணியிருந்தார். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6,700,417 என்று பிரித்தார். அந்த எண்ணின் பகாக் காரணி ஒவ்வொன்றும் 64-ஆல் வகுத்தால் 1 மீதி தருவதாகத்தான் இருக்க முடியும். அத்தகைய பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641 என்று ஐந்தாவது முயற்சியிலேயே காரணி அகப்பட்டுவிடுகிறது.

நம் எண்ணில் அத்தகைய வடிவம் எதுவும் கண்ணுக்குப் படவில்லை. எனவே பொது வழியில் செல்லலாம்.

சிறிய பகா எண்களை நீக்குதல்

கடைசி மூன்று இலக்கங்கள் 136. அது 8-ஆல் வகுபடும். கடைசி நான்கு இலக்கங்களான 0136, 16-ஆல் வகுபடாது. ஆகவே 2-இன் அடுக்கு சரியாக 3. வகுத்தால் 66,289,240,017 கிடைக்கிறது. மூல எண்ணின் இலக்கங்களின் கூட்டுத்தொகை 36 என்பதால் அது 9-ஆல் வகுபடும். 9-ஆல் வகுத்தபின் எஞ்சும் 7,365,471,113-இன் இலக்கக் கூட்டுத்தொகை 38 என்பதால் 3 இனி இல்லை. கடைசி இலக்கம் 3. ஆகவே 5-ம் இல்லை.

பள்ளிப் பாடங்களில் 7, 11, 13 ஆகியவற்றுக்குத் தனித்தனி விதிகள் சொல்லப்படுவதுண்டு. அவற்றை மனத்தில் வைத்திருப்பதைவிட 7 × 11 × 13 = 1001 என்ற ஒரே உண்மையை வைத்துக்கொள்வது நல்லது. ஆயிரத்தை 1001-ஆல் வகுத்தால் மீதியை −1 என்று கொள்ளலாம் என்பதால், மூன்றிலக்கக் குழுக்களை வலமிருந்து மாறி மாறிக் கூட்டியும் கழித்தும் கிடைக்கும் சிறிய எண், 7, 11, 13 ஆகிய மூன்றையும் பொறுத்தவரை மூல எண்ணைப் போலவே நடந்துகொள்ளும். நம் எண்ணில் 136 − 920 + 313 − 530 = −1001. மூன்றும் ஒரே வரியில் அகப்பட்டுவிட்டன. 7,365,471,113-ஐ 1001-ஆல் வகுத்தால் 7,358,113.

இங்கே பலர் செய்யும் பிழை, ஒரு காரணியைக் கண்டதும் அதைவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவது. எஞ்சிய எண்ணில் அதே பகா எண் மீண்டும் இருக்கலாம். 113 − 358 + 7 = −238; 238 என்பது 7 × 34. ஆகவே 7 இன்னொரு முறை வகுக்கிறது. 11-ம் 13-ம் வகுக்கவில்லை. 7-ஆல் வகுத்தபின் எஞ்சுவது 1,051,159. மறுபடியும் 159 − 51 + 1 = 109; இது 7, 11, 13 எதனாலும் வகுபடாது. இந்த மூன்றின் கதை முடிந்தது.

இதுவரை செய்த எளிய வேலையின் பயனைக் கவனியுங்கள். ஓர் எண் பகு எண்ணாக இருந்தால் அதன் வர்க்கமூலத்தைத் தாண்டாத ஒரு பகாக் காரணி அதற்கு இருந்தே தீரும். மூல எண்ணின் வர்க்கமூலம் 728,226-ஐத் தாண்டுகிறது. எஞ்சிய 1,051,159-இன் வர்க்கமூலமோ ஏறத்தாழ 1025 மட்டுமே. எல்லையை ஒவ்வொரு வகுத்தலுக்குப் பின்னும் புதிதாகக் கணக்கிட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

எஞ்சியது பகா எண்ணா?

காரணியைத் தேடும் முன், தேடுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று சோதிப்பது முறை. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி, ஓர் எண் ஒற்றைப் பகா எண்ணாக இருந்தால், 2-ஐ அந்த எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 ஆக வேண்டும். அடுக்கு பத்து இலட்சத்தைத் தாண்டினாலும் வேலை பெரிதன்று: மீண்டும் மீண்டும் வர்க்கப்படுத்தி, ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் இருபது படிகளில் முடிந்துவிடும். 1,051,159-க்கு மீதி 1 வருவதில்லை. எனவே அது பகு எண். ஆனால் இந்தச் சோதனை ஒரு காரணியைக்கூடக் காட்டிக்கொடுப்பதில்லை.

மீதி 1 வந்துவிட்டால் அது பகா எண் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 561 = 3 × 11 × 17 என்பது பகு எண்; ஆயினும் அதனுடன் பொதுக் காரணி இல்லாத எந்த அடிமானத்தை (அதாவது 2-க்குப் பதிலாக அடுக்குக்கு உயர்த்தும் எண்ணை) எடுத்தாலும் அது இந்தச் சோதனையில் தேறிவிடும். இத்தகைய எண்களைக் கார்மைக்கேல் எண்கள் என்பர். மில்லர்–ராபின் சோதனை இந்த ஓட்டையை அடைக்கிறது: 2⁶⁴-க்குக் குறைவான எந்த எண்ணுக்கும் 2 முதல் 37 வரையுள்ள பன்னிரண்டு பகா எண்களை அடிமானங்களாக வைத்து அதை நடத்தினால் முடிவு ஐயமற்றது. அளவு எதுவாயினும் உறுதியான முடிவை நியாயமான நேரத்தில் தரும் முறை ஒன்றை 2002-இல் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோர் கண்டறிந்தனர். கோட்பாட்டளவில் அது பெரிய வெற்றி, நடைமுறையில் பழைய சோதனைகளே வேகமானவை.

ஃபெர்மாவின் முறை

1,051,159-ஐ 17 முதல் ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டே போனால் 156-ஆவது வகுத்தலில் காரணி கிடைக்கும். அதற்கு முன் ஃபெர்மாவின் முறையைச் சில படிகள் முயன்று பார்ப்பது என் வழக்கம். ஒற்றைப் பகு எண் எதையும் இரண்டு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதலாம். அப்படி எழுதிவிட்டால் கூட்டலும் கழித்தலும் இரண்டு காரணிகளைத் தந்துவிடும். வர்க்கமூலத்தைவிடச் சற்றே பெரிய முழு எண்ணில் தொடங்கி, அதன் வர்க்கத்திலிருந்து நம் எண்ணைக் கழித்து, எஞ்சுவது முழு வர்க்கமா என்று பார்க்க வேண்டும்.

1026² = 1,052,676; கழித்தால் 1517. இது 7-இல் முடிகிறது. எந்த வர்க்கமும் 2, 3, 7, 8 ஆகிய இலக்கங்களில் முடிவதில்லை என்பதால் வர்க்கமூலம் எடுக்காமலே இதை ஒதுக்கலாம். 1027² = 1,054,729; கழித்தால் 3570. ஒற்றைப் பூச்சியத்தில் முடியும் எண்ணும் வர்க்கமாகாது. 1028² = 1,056,784; கழித்தால் 5625, அதாவது 75². ஆகவே 1,051,159 = (1028 − 75)(1028 + 75) = 953 × 1103. 156 வகுத்தல்களுக்குப் பதிலாக மூன்று கழித்தல்கள்.

ஃபெர்மாவே 1643-ஆம் ஆண்டளவில் எழுதிய கடிதம் ஒன்றில் 2,027,651,281 என்ற எண்ணை இவ்வாறு பிரித்திருக்கிறார்: 45,030-இல் தொடங்கிப் பன்னிரண்டாவது படியான 45,041-இல் எஞ்சுவது 1020², காரணிகள் 44,021, 46,061. ஆனால் இம்முறை விரைவாக முடிவது இரு காரணிகளும் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கும்போது மட்டுமே. ஒன்று சிறியதாகவும் மற்றது பெரியதாகவும் இருந்தால் இது சாதாரண வகுத்தலைவிட மோசமானது. ஐம்பது படிகளில் பலன் கிட்டாவிட்டால் கைவிட்டுவிட வேண்டும்.

கைவிட்டால் அடுத்து எங்கே செல்வது? 1974-இல் ஜான் போலார்ட் வெளியிட்ட முறை ஒன்று, காரணி பெரிதாக இருந்தாலும் அதில் ஒன்றைக் கழித்தால் வருவது சிறிய பகா எண்களால் ஆனதாக இருந்தால் அதைப் பிடித்துவிடும். 953 − 1 = 952 = 2³ × 7 × 17. ஆகவே 1 முதல் 17 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கான 12,252,240-ஐ அடுக்காக எடுத்து, 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்தி ஒன்றைக் கழித்து, அதற்கும் 1,051,159-க்கும் மீப்பெரு பொது வகுத்தி கண்டால் 953 வெளிவருகிறது. மற்றொரு காரணியான 1103 அதில் சிக்குவதில்லை. 2-இன் அடுக்குகளை 1103-ஆல் வகுக்கும்போது மீதி 1 வருவது அடுக்கு 29-இன் மடங்காக இருந்தால் மட்டுமே. 12,252,240-இல் 29 இல்லை. (2²⁹ − 1 = 536,870,911 = 233 × 1103 × 2089 என்பது மெர்சென் எண்களை, அதாவது 2-இன் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் வரும் எண்களைப் பற்றிப் படித்தவர்களுக்குப் பழகிய முகம்; நம் 1103 அங்கிருந்து வருகிறது.) அடுத்த ஆண்டிலேயே, 1975-இல், போலார்ட் தந்த இன்னொரு முறைக்கு இந்த நிபந்தனையும் தேவையில்லை. அது ஒவ்வொரு மீதியையும் வர்க்கப்படுத்தி ஒன்றைக் கூட்டிக்கொண்டே போய், மீதிகளுக்கிடையே உள்ள வித்தியாசங்களில் பொது வகுத்தியைத் தேடுகிறது. காரணியின் வர்க்கமூல அளவிலான படிகளே பெரும்பாலும் போதும்.

953, 1103 இரண்டும் பகா எண்களா என்று சரிபார்க்காமல் வேலை முடிந்ததாகக் கருதக் கூடாது. முன்னதற்கு 29 வரையும் பின்னதற்கு 31 வரையும் உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், இரண்டும் தேறுகின்றன. ஆக:

530,313,920,136 = 2³ × 3² × 7² × 11 × 13 × 953 × 1103

சரிபார்த்தல்

எண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றப்படி, வரிசையைப் பொருட்படுத்தாவிட்டால், இந்தப் பிரிப்பு ஒன்றே ஒன்றுதான். எனவே பெருக்கிப் பார்த்து மூல எண் வந்துவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. முழுப் பெருக்கலுக்கு முன் விரைவாகச் சோதிக்க விரும்புவோர் 9-ஆல் மீதி காணும் பழைய உத்தியை நாடுவர். இங்கே அது பயன்படாது: 9 காரணியாகவே இருப்பதால் 953 என்பதைத் தவறாக 935 என்று எழுதினாலும் இரு பக்கமும் பூச்சியம்தான் வரும். காரணியாக இல்லாத எண் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், 101 வசதியானது. இரண்டிலக்கக் குழுக்களை மாறி மாறிக் கூட்டிக் கழித்தால் 36 − 01 + 92 − 13 + 03 − 53 = 64. காரணிகளின் பக்கம்: 2³ × 3² × 7² = 3528, மீதி −7; 11 × 13 = 143, மீதி 42; இவற்றின் பெருக்கல் −294, மீதி 9. 953-க்கு மீதி 44, 1103-க்கு −8. பெருக்கினால் −352, மீதி 52. இறுதியில் 9 × 52 = 468, மீதி 64. இரு பக்கமும் பொருந்துகின்றன.

பண்புகளைப் படித்தெடுத்தல்

அடுக்குகள் 3, 2, 2, 1, 1, 1, 1. ஒரு வகுத்தியை உருவாக்க ஒவ்வொரு பகா எண்ணையும் பூச்சியம் முதல் அதன் அடுக்கு வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பதால், ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுத்திகளின் எண்ணிக்கை கிடைக்கும்: 4 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 576. இவற்றில் 2 இடம்பெறாத ஒற்றை வகுத்திகள் 144. இந்த எண்ணை இரு எண்களின் பெருக்கலாக 288 வகையில் எழுதலாம். அந்த இரண்டும் சார்பகா எண்களாக, அதாவது 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவையாக, இருக்க வேண்டும் என்றால் 64 வகை மட்டுமே.

வகுத்திகளின் கூட்டுத்தொகைக்கு 576 எண்களையும் எழுத வேண்டியதில்லை. ஒவ்வொரு பகா அடுக்குக்கும் அதன் வகுத்திகளைக் கூட்டி (8-க்கு 15, 9-க்கு 13, 49-க்கு 57, பிறகு 12, 14, 954, 1104) அவற்றைப் பெருக்கினால் 1,966,691,301,120 வருகிறது. எண்ணைக் கழித்துவிட்டால் எஞ்சும் 1,436,377,380,984 எண்ணைவிடப் பெரியது. எனவே இது மிகை எண், அதாவது தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டுத்தொகை தன்னைவிடப் பெரிதாக உள்ள எண்.

எண்ணைத் தாண்டாதவற்றுள் அதனுடன் பொதுக் காரணி இல்லாதவை எத்தனை என்பதை ஆய்லரின் சார்பு சொல்கிறது. ஒவ்வொரு பகா அடுக்குக்கும் அதன் பங்கை (அந்த அடுக்கைத் தாண்டாதவற்றுள் அந்தப் பகா எண்ணால் வகுபடாதவற்றின் எண்ணிக்கையை) கண்டு பெருக்கினால் 4 × 6 × 42 × 10 × 12 × 952 × 1102 = 126,899,619,840; ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். சிறிய பகா எண்கள் நிறைய இருப்பதன் விளைவு இது.

அடுக்குகளில் ஒற்றை எண்கள் இருப்பதால் இது முழு வர்க்கம் அன்று. 1 என்ற அடுக்கு இருப்பதால் கனமோ வேறு எந்த முழு அடுக்கோ அன்று. இதை வகுக்கும் மிகப் பெரிய வர்க்கம் 2² × 3² × 7² = 1764 = 42². மிகச் சிறிய எந்த எண்ணால் பெருக்கினால் முழு வர்க்கமாகும் என்றால், ஒற்றை அடுக்குள்ள பகா எண்களின் பெருக்கலான 2 × 11 × 13 × 953 × 1103 = 300,631,474. 1-ஐவிடப் பெரிய வர்க்கக் காரணி உள்ள எண் என்பதால் மோபியஸ் சார்பின் (வர்க்கக் காரணி இல்லாத எண்களுக்கு 1 அல்லது −1-உம், மற்றவற்றுக்கு 0-உம் தரும் சார்பு) மதிப்பு 0.

இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா என்பதற்கு, 4-ஆல் வகுத்தால் 3 மீதி தரும் பகா எண்களை மட்டும் பாருங்கள். அவை எல்லாம் இரட்டை அடுக்கில் வர வேண்டும். 3-ம் 7-ம் அப்படியே வருகின்றன. 11-ம் 1103-ம் வரவில்லை. ஆகவே முடியாது. பகாக் காரணிகளில் 2 = 1² + 1², 13 = 2² + 3², 953 = 13² + 28² ஆகியவை மட்டும் தனித்தனியே அவ்வாறு எழுதக்கூடியவை.

1-ஐ இந்த எண்ணால் வகுத்துத் தசமமாக எழுதினால் அது முடிவுறாது. 2³ இருப்பதால் முதல் மூன்று தசம இலக்கங்கள் சுழற்சிக்கு வெளியே நிற்கும், நான்காவது இலக்கத்திலிருந்து சுழற்சி தொடங்கும்.

இன்னொன்று, கணக்கு என்பதைவிட ஒப்பீடு. வெவ்வேறான பகாக் காரணிகள் இங்கே 7; திரும்ப வருபவற்றையும் சேர்த்தால் 11. ஓர் எண்ணுக்கு வழக்கமாக எத்தனை வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்கும் என்பதை ஹார்டியும் இராமானுஜனும் 1917-இல் ஆராய்ந்து, அது எண்ணின் இயல் மடக்கையின் இயல் மடக்கையை ஒட்டி அமையும் என்று நிறுவினர். நம் எண்ணுக்கு அந்த மதிப்பு ஏறத்தாழ 3.3. கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்த பன்னிரண்டு இலக்க எண் ஒன்று இப்படி ஏழு பகா எண்களாக உடையும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

எண் இன்னும் பெரிதானால்

இருபது, முப்பது இலக்கங்களில் போலார்டின் முறைகளைக் கணினியில் ஓட்டினால் போதும். அதற்கு மேல், 1987-இல் ஹென்ட்ரிக் லென்ஸ்ட்ரா வெளியிட்ட நீள்வட்ட வளைவு முறையும், கார்ல் பொமரன்ஸின் இருபடிச் சல்லடையும், அதற்கும் மேல் எண்புலச் சல்லடையும் உள்ளன. 1977-இல் சவாலாக விடப்பட்ட 129 இலக்க எண் 1994-இல்தான் உடைந்தது. இதே வகையைச் சேர்ந்த 250 இலக்க எண் 2020-இல் எண்புலச் சல்லடையால் உடைந்தது. இவை ஒவ்வொன்றும் அளவொத்த இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல்கள், அதாவது வேண்டுமென்றே கடினமாக்கப்பட்டவை. தற்செயலாக எடுத்த எண் பெரும்பாலும் இவ்வளவு பிடிவாதம் காட்டாது.

சில நேரங்களில் ஒரு பெரிய பகு எண் எஞ்சி, எந்த முறைக்கும் மசியாமல் நிற்கும். 2⁶⁷ − 1 பகு எண் என்பதை எடுவார்ட் லூக்கா 1876-இல் நிறுவிவிட்டார். அதன் காரணிகளான 193,707,721, 761,838,257,287 இரண்டையும் ஃபிராங்க் நெல்சன் கோல் 1903-இல்தான் முன்வைத்தார். அத்தகைய நிலையில், கண்டறிந்த காரணிகளை எழுதி, எஞ்சியதை இத்தனை இலக்கப் பகு எண் என்று குறித்து நிறுத்திக்கொள்வதே நேர்மையான முடிவு. அப்போதும் எண் முழு வர்க்கமா, முழு அடுக்கா என்பதை வர்க்கமூலமும் பிற மூலங்களும் எடுத்து எளிதில் சொல்லிவிடலாம். வகுத்திகளின் எண்ணிக்கையையும் கூட்டுத்தொகையையும் ஆய்லர் சார்பின் மதிப்பையும் சொல்ல முடியாது. எஞ்சிய எண்ணுக்குள் ஏதேனும் ஒரு பகா எண்ணின் வர்க்கம் ஒளிந்திருக்கிறதா என்பதைக்கூட, காரணிப்படுத்தாமல் விரைவாகக் கண்டறியப் பொதுவான வழி எதுவும் இதுவரை அறியப்படவில்லை.